ஆர் டொமைன்: 'நெறிப்படுத்து பகுதி'

நம் உயிரணுச் சவ்வில் குளோரைடு அயனிகள் கடக்கும் கால்வாய்களில் ஒன்று சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியின் நடுவில், ஏறத்தாழ 200 அமினோ அமில நீளத்துக்கு வரும் துண்டுதான் 'ஆர் டொமைன்'. 'ஆர்' என்பது 'ரெகுலேட்டரி' என்பதன் முதலெழுத்து. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி.

1989இல், சளி கெட்டியாகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான மரபணுவைக் கண்டறிந்த லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர் வைத்த பெயர் இது. அந்தப் புரதம் ஒரு கால்வாய்தானா என்பதே அப்போது உறுதியாகவில்லை. பாஸ்பேட் ஒட்டக்கூடிய செரின் என்னும் அமினோ அமிலங்கள் அந்தத் துண்டில் குவிந்து கிடப்பதைப் பார்த்து, இது எதையோ நெறிப்படுத்துகிறது என்று ஊகித்தார்கள். ஊகம் பலித்தது.

நடப்பது இதுதான். கால்வாய் திறக்க, உயிரணுவுக்குள் தொங்கும் இரண்டு ஏ.டி.பி. (உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறு) பிணைப்புக் களங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். சும்மா இருக்கும்போது ஆர் துண்டு அவற்றின் நடுவே ஆப்பு போலச் செருகிக்கொண்டு சேரவிடாமல் தடுக்கிறது. புரோட்டீன் கைனேஸ் ஏ என்னும் நொதி வந்து செரின்களில் பாஸ்பேட்டை ஒட்டியதும் ஆப்பு விலகுகிறது, ஏ.டி.பி. பிணைய, களங்கள் சேர, குளோரைடு பாய்கிறது. ஆர் துண்டை வெட்டியெடுத்த கால்வாய், பாஸ்பேட் இல்லாமலே ஏ.டி.பி.யைக் கொண்டு திறந்ததை 1991இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் பாஸ்பேட் ஏறிய முழுக் கால்வாய் அளவுக்கு அது திறப்பதில்லை. ஆக, தடுப்பதோடு தூண்டவும் செய்கிற துண்டு இது. 'கட்டுப்பாட்டுக் களம்' என்ற பெயர்ப்பு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்: தடை மட்டும்தான் அதில் தொனிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் வில்லன் காலரா. அதன் நஞ்சை 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே முயல் குடலில் நிறுவினார். அந்த நஞ்சு குடல் உயிரணுக்களில் கைனேஸைத் தூண்டும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் செய்தி மூலக்கூறை ஏற்றிவிடுகிறது, கைனேஸ் ஓயாமல் பாஸ்பேட் ஒட்டுகிறது, குளோரைடும் அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இதற்கு நேரெதிர்: குளோரைடு போதிய அளவு வெளியேறாமல் சளி கெட்டியாகிறது. அந்நோயில் மிகப் பரவலான பிழை, 508ஆம் இடத்து ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் இல்லாமல் போவது. அது இருப்பது ஆர் துண்டில் அல்ல, முதல் ஏ.டி.பி. களத்தில்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ரெகுலேட்' என்பதன் வேர் இலத்தீன் 'ரெகுலா', அதாவது அளவுகோல். 'நெறிப்படுத்து' அதற்குப் பொருந்துகிறது. 'டொமைன்' பிரெஞ்சு வழியாக வந்த சொல். அடியில் இருப்பது இலத்தீனின் 'டொமினுஸ்', எசமான். அவருக்கு உரிய நிலம் என்பதிலிருந்து விரிந்தது. கணிதப் பாடநூலில் அது 'மதிப்பகம்'. புரதத்துக்கு அது உதவாது. தனியே மடிந்து உருவம் பெறும் அலகைத்தான் புரத இயலார் டொமைன் என்கிறார்கள்; அதற்குக் 'களம்' போதும்.

சிக்கல் என்னவென்றால், ஆர் துண்டு நிலையான உருவமாக மடிவதே இல்லை. பெரும்பாலும் தளர்ந்து நெளிந்து கிடக்கிறது. அதனால் ஆய்வாளர்கள் பலர் இப்போது 'ஆர் ரீஜன்' என்றே எழுதுகிறார்கள். நமக்கும் அதுவே வசதி. சி.எஃப்.டி.ஆர். பற்றி எழுதும்போது 'நெறிப்படுத்து பகுதி' என்றும், மற்றப் புரதங்களில் உருவத்தோடு மடிந்து நிற்பவற்றை 'நெறிப்படுத்து களம்' என்றும் சொல்லலாம். உதாரணமாக: 'நெறிப்படுத்து பகுதியில் பாஸ்பேட் ஏறினால்தான் சி.எஃப்.டி.ஆர். கால்வாய் நன்றாகத் திறக்கும்.'