"அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்" என்று நம்பி ஸ்வீடனுக்கு வருகிறவர்களுக்கு

போன வாரம் இன்னொரு போன். கோத்தன்பர்க்கில் நான்கு வருடமாக மென்பொருள் வேலை பார்த்தவர், குழுவையே கலைத்துவிட்டார்களாம். "சில மாசத்துக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்லன்னா பெர்மிட் போயிரும், என்னக்கா பண்றது?" ஸ்வீடிஷ் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ்தானேக்கா." வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் என் தொழில், இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், உண்மைதான். கடைக்காரர், பஸ் டிரைவர், மேனேஜர் எல்லாரும் அழகாகப் பேசுவார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரியும் என்பது வேறு, அவர்கள் அதிலேயே வாழ்கிறார்கள் என்பது வேறு. மீட்டிங் இங்கிலீஷில் நடக்கும். அப்புறம் ஃபீகா, அதாவது காப்பி நேரம். முதல் இரண்டு நிமிடம் உங்களுக்காக இங்கிலீஷ், யாராவது காட்டில் காளான் பறிக்கப் போன கதையை ஆரம்பித்ததும் பேச்சு ஸ்வீடிஷுக்குப் போய்விடும், நீங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ப்ராஜெக்டை மூடப்போகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் முதலில் காதில் விழும். அரசு அலுவலகக் கடிதமும் ஸ்வீடிஷில்தான் வரும். 2009 மொழிச் சட்டப்படி அரசின் மொழி அது.

கணவரோடு வந்த பல் மருத்துவர் ஒருவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக் காட்டினார். எனக்கு மனசே கேட்கவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் மருத்துவருக்கு இங்கே உரிமம் வேண்டுமென்றால் ஸ்வீடிஷ் வேண்டும், அதுவும் சி1 அளவில், அதாவது சரளமாகப் பேசி எழுதும் உயர்நிலையில். நோயாளி தன் வலியைத் தன் மொழியில்தானே சொல்வார்? இதை ஊரிலேயே யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே படிக்க ஆரம்பித்திருப்பார்.

சரி, செய்ய வேண்டியது. இங்கே தரும் அடையாள எண்ணான பர்சனல் நம்பர் வந்த வாரமே, எஸ்எஃப்ஐ என்ற ஸ்வீடிஷ் மொழி வகுப்பில் பெயர் கொடுங்கள். இலவசம், பல ஊர்களில் மாலை வகுப்பும் உண்டு, நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அ-காஸா என்ற வேலையிழப்புக் காப்பீட்டில் உடனே சேருங்கள். கம்பெனி சேர்த்துவிடாது, நீங்களேதான் விண்ணப்பித்து மாதா மாதம் கட்ட வேண்டும். வேலை போன பிறகு சேர்ந்து பயனில்லை. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸில் நிறுத்திவிடலாம், அதற்குள் வீட்டுக்கடன் கனவு வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நீங்கள் திக்கித் திணறி ஸ்வீடிஷ் பேசும்போது எதிரில் இருப்பவர் சட்டென்று இங்கிலீஷுக்கு மாறுவார். உங்களுக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார். கூச்சப்படாமல் "கன் வி தா தே போ ஸ்வென்ஸ்கா?" என்று கேளுங்கள், ஸ்வீடிஷிலேயே பேசலாமா என்று அர்த்தம். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை.