பின்பால் மெஷினை அனுப்புவதற்கு முன் எஃகுக் குண்டுகளை வெளியே எடுங்கள்

இந்த வாரமும் ஒன்று பட்டறைக்கு வந்தது. எஃகுக் குண்டைத் தட்டி ஆடும் 90களின் விளையாட்டு மெஷின், டெக்சாஸிலிருந்து சிகாகோவுக்கு லாரியில் வந்தது. வெளியே அடுக்கடுக்காக பபிள் ராப், நான்கு மூலையிலும் அட்டை, மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர். லேசாகச் சாய்த்ததுமே உள்ளே கடகடவென்று ஓடியது. வாங்கிய தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லையே, அப்புறம் எப்படி உள்ள இவ்வளவு உடைஞ்சிருக்கு?"

எல்லோரும் கண்ணாடிக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆட்டப் பலகைக்கு மேல் இருப்பது டெம்பர்டு, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. ஓரத்தில் அடி படாதவரை, தன் பள்ளத்தில் இருக்கும்வரை, அது பெரும்பாலும் தாங்கிவிடும். வெளியே எத்தனை சுற்று சுற்றினாலும் உள்ளே கிடக்கும் குண்டுகளைத் தடுக்க முடியாது. ஒவ்வொன்றும் 27 மி.மீ. விட்டம், 80 கிராம் எஃகு. அனுப்புவதற்காக மெஷினைச் செங்குத்தாக நிமிர்த்தினாலே அவை இருக்கும் இடத்தை விட்டு வெளியே உருண்டுவிடும். அப்புறம் வழி நெடுக அவை கண்டபடி மோதிக்கொண்டேதான் வரும். தம்பியின் மெஷினில் குண்டு ஏறும் சரிவான ராம்பின் வாயில் விரிசல், குண்டைத் தட்டும் ஃப்ளிப்பருக்கு மேலே இரண்டு பிளாஸ்டிக் துண்டு துண்டாக, பல்பு சில்லுகள் பலகை முழுக்க. அந்த பிளாஸ்டிக்குகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. முன்கதவைத் திறந்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் லாக் பாரை எடுத்து, கண்ணாடியை உருவினால் குண்டுகளை எடுக்கப் பத்து நிமிடம் போதும்.

கூடவே, மெஷினை ஆட்டினால் கண்டுபிடிக்கும் டில்ட் ஊசலையும் கழற்றுங்கள். மேலே நிற்கும் தலைப்பெட்டியில் உள்ள மின் போர்டில் ஏஏ பேட்டரி இருந்தால் அதையும் எடுங்கள். கசிந்து போர்டையே தின்றுவிட்ட பேட்டரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 70களின் பழைய மெஷின் என்றால் தலைப்பெட்டியின் படக் கண்ணாடி டெம்பர்டு என்று நினைக்காதீர்கள். அதைத் தனியாகக் கழற்றி, தனிப் பெட்டியில் வையுங்கள்.

சரி, செலவு. லாரிக்காரர் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குகிறார். காலோடு நிற்கும் மெஷின் கிட்டத்தட்ட ஐந்தடி நீளம் பிடிக்கும். கால்களைக் கழற்றி, நடுவே போர்வை வைத்துத் தலைப்பெட்டியை மடக்கிக் கட்டி, பின்பக்கம் தரையில் இருக்கும்படி நிமிர்த்தினால் இரண்டரை அடிச் சதுரம் போதும். சரக்கு வைக்கும் சாதாரண மரத்தட்டில் (பாலெட்) அடங்கிவிடும். கிட்டத்தட்ட 120 கிலோ எடையுள்ள சாமான் இது, தனியாகத் தூக்காதீர்கள்.

அடுத்து, முகவரி. வீட்டு வாசலில் எடுக்க ஒரு கட்டணம், வாசலில் இறக்க ஒரு கட்டணம், லாரியின் பின்னால் ஏற்றி இறக்கும் தட்டான லிஃப்ட்கேட்டுக்கு இன்னொன்று. லாரி கம்பெனியின் சரக்கு நிலையமான டெர்மினலில் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அந்த ஊர் டெர்மினலில் போய் எடுத்துக்கொண்டால் இந்த மூன்றும் மிச்சம். லாரி மட்டத்துக்கு உயர்ந்த இறக்கு மேடை (லோடிங் டாக்) உள்ள கடை நண்பருக்கு இருந்தால் அந்த முகவரியையே கொடுங்கள். அவசரமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. சிகாகோ பக்கம் 1985 முதல் நடக்கும் பின்பால் எக்ஸ்போ மாதிரியான கூட்டங்களுக்கு சேகரிப்பாளர்கள் வேன் ஓட்டி வருவார்கள். திரும்பும்போது வேனில் இடம் இருக்கும். பெட்ரோல் செலவைப் பகிர்ந்தால் ஏற்றிக்கொள்வார்கள், அதோடு மெஷினைத் தொடத் தெரிந்த கைகள் அவை.

"இன்சூரன்ஸ் சேர்த்துதான் ரேட்" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுச் சாமான் ஏற்றுபவர்கள் கூடுதல் கட்டணம் இல்லாமல் தரும் பொறுப்பு பவுண்டுக்கு 60 சென்ட்தான். 280 பவுண்டு மெஷின் முழுசாக நாசமானாலும் கைக்கு வருவது 168 டாலர். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது! சரக்கு லாரியில் பழைய பொருள் என்றால் இதைவிடக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். முழு மதிப்புக்குக் காப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வந்து சேர்ந்ததும், டிரைவர் அவசரப்படுத்தினாலும், சுற்றியதைப் பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால் ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே தெரியாத சேதத்தைச் சொல்ல சரக்கு லாரிகளின் வழக்கமான விதி தருவது 5 வேலை நாள்தான்.