பத்து மில்லிசெகண்ட் வேலைக்கு ஆறு நிமிடம் கடை மூடிய கதை

சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் இரவு 11.30 மணிக்கு, ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்க உட்கார்ந்தேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டெஸ்ட் சர்வரில் பத்து மில்லிசெகண்ட்கூட ஆகாத வேலை. காலியாக இருக்கலாம் என்று விட்ட ஃபீல்டு, டீஃபால்ட் மதிப்பும் இல்லை, அதனால் டேபிளைத் திரும்ப எழுத வேண்டிய அவசியமே கிடையாது. கமாண்டைத் தட்டினேன், கர்சர் அப்படியே நின்றது. ஐந்து விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி. பெரிய டேபிள்தானே, கொஞ்சம் இழுக்கும் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, ஆப் சுத்தமா திறக்க மாட்டேங்குது, நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

பண்ணினேன்தான். என்ன பண்ணினேன் என்று புரியத்தான் ஆறு நிமிடம் ஆனது. அதில் முதல் நான்கு நிமிடம் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சிபியு சும்மா கிடந்தது, டிஸ்க்கும் சும்மா கிடந்தது. எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பார்த்தால் கனெக்ஷன்கள் நிரம்பி வழிகின்றன, ஒன்றுகூட வேலை செய்யவில்லை, எல்லாம் லாக்குக்காக, அதாவது டேபிளைத் தொடுவதற்கான பூட்டுக்காக, காத்திருக்கின்றன. காத்திருப்பவர்களில் முதல் ஆள் நான். எனக்கும் முன்னால் ஒரே ஒரு செஷன், நிலை 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது டிரான்சாக்ஷன் என்ற வேலைத்தொகுப்பைத் திறந்துவிட்டு முடிக்காமல் சும்மா கிடப்பது, மாலை 6 மணியிலிருந்து. ரிப்போர்ட் எடுக்கும் ஒருவர் தன் டூலில், ஒவ்வொரு குவெரியையும் தானாக முடித்துவைக்கும் ஆட்டோ கமிட்டை அணைத்துவிட்டு அந்த டேபிளில் ஒரு செலக்ட் ஓட்டியிருக்கிறார். முடிவைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

செலக்ட் என்பது வெறுமனே படிக்கிற வேலை, அது யாரைத் தடுக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படிப்பதற்கும் ஒரு லாக் உண்டு. போஸ்ட்கிரெஸில் அதன் பெயர் ஆக்ஸஸ் ஷேர், இருப்பதிலேயே சாதுவானது. அதற்கு ஒத்துவராத லாக் ஒன்றே ஒன்றுதான், ஆக்ஸஸ் எக்ஸ்க்ளூசிவ். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள், அதாவது நான் தட்டிய கமாண்ட், பெரும்பாலும் கேட்பது அதைத்தான். இன்னொன்று, குவெரி முடிந்ததும் லாக் விடுபடாது, டிரான்சாக்ஷன் முடிந்தால்தான் விடுபடும். கமிட்டோ (உறுதிசெய்வது) ரோல்பேக்கோ (ரத்துசெய்வது) போடாதவரை அந்த செலக்ட் ஆறு மணிக்குப் பிடித்ததைப் பிடித்தபடியே இருக்கும்.

சரி, நான் காத்திருந்தேன், ஊர் ஏன் நின்றது? கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை போடப் போவதால் வாசலிலேயே கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சன்னதியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே இருக்கிறார், அவர் நகராமல் திரை போட முடியாது. திரையும் விழவில்லை, தரிசனமும் இல்லை, வரிசை மட்டும் ராஜகோபுரத்தைத் தாண்டிப் போகிறது. லாக் கேட்டுக் காத்திருக்கும் ஆல்டர் இப்படித்தான். அதற்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட்கூட வரிசையைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆல்டருக்கு லாக் கிடைக்கவே இல்லை, அது ஒரு வேலையும் செய்யவில்லை, வரிசையில் நின்ற ஒரே குற்றத்தில் ஆப்பையே நிறுத்திவிட்டது.

கண்ட்ரோல்-சி அடித்தேன். அடுத்த விநாடி எல்லாம் ஓட ஆரம்பித்தது.

அன்றிலிருந்து டேபிளின் அமைப்பைத் தொடுகிற எந்தக் கமாண்டுக்கும் முன்னால் லாக்_டைம்அவுட்டை 2 விநாடி என்று வைக்காமல் நான் என்டர் தட்டுவதில்லை. போஸ்ட்கிரெஸ் 9.3-இல், 2013-லேயே வந்துவிட்ட வசதி இது. டீஃபால்ட் பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று அர்த்தம். 2 விநாடிக்குள் லாக் கிடைக்கவில்லையா, கமாண்ட் தோற்று விலகட்டும், பின்னால் நிற்பவர்கள் போகட்டும், அரை நிமிடம் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம். பத்து முறை தோற்றாலும் யாருக்கும் தெரியாது. இதை ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது காத்திருப்பதையும் வேலை செய்வதையும் சேர்த்துக் கணக்கிடும், இது லாக்குக்காகக் காத்திருக்கும் நேரத்தை மட்டும்.

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் 5.5 பதிப்பிலிருந்து, டேபிளின் அமைப்பைக் காக்கும் மெட்டாடேட்டா லாக் உண்டு, கதையும் இதே கதைதான். 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்ற வரி பிராசஸ் லிஸ்ட்டில் அடுக்கடுக்காக நிற்கும். அங்கே லாக்_வெயிட்_டைம்அவுட்டின் டீஃபால்ட் 3,15,36,000 விநாடி. கணக்குப் போட்டால் சரியாக ஒரு வருடம்!

'ராத்திரி கூட்டம் இருக்காது, அப்போ பண்ணிடலாம்' என்பதும் அவ்வளவு பத்திரமான யோசனை இல்லை. ராத்திரிதான் பேக்கப் ஓடும். பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப், தான் எடுக்கிற எல்லா டேபிள்களிலும் ஆக்ஸஸ் ஷேர் லாக் போட்டு, வேலை முடியும்வரை ஒரே டிரான்சாக்ஷனில் வைத்திருக்கும். மூன்று மணிநேர பேக்கப் என்றால் மூன்று மணிநேரம். பேக்கப்பின் நேரத்தைப் பார்க்காமல் மெயின்டெனன்ஸுக்கு நேரம் குறிப்பது, ராகு காலம் பார்த்துவிட்டு முகூர்த்த நேரத்தில் பந்த் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது மாதிரி.

அப்புறம் மைக்ரேஷன் டூல்கள், டேபிள் அமைப்பு மாற்றங்களை எழுதி வைத்து ஓட்டுபவை. வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோ, ரெயில்ஸ் இரண்டுமே போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மைக்ரேஷனையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ஓட்டுகின்றன. பாதியில் தோற்றால் எல்லாமே பழையபடி ஆகிவிடும், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் முதல் வரியில் ஒரு ஆல்டர், அடுத்த வரியில் அந்தப் புது ஃபீல்டை நிரப்ப நாற்பது லட்சம் பதிவுகளுக்கு அப்டேட் என்று எழுதியிருந்தால், ஆல்டர் பிடித்த லாக் அந்த அப்டேட் முடியும்வரை விடாது. ஃபீல்டைச் சேர்ப்பது ஒரு டிரான்சாக்ஷன், நிரப்புவது வேறு, அதுவும் ஐந்தாயிரம் ஐந்தாயிரமாக, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கமிட். இப்படிப் பிரித்து எழுதச் சொன்னால் டெவலப்பர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் விஷயம் பலருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கிரியேட் இன்டெக்ஸ் படிப்பதை விடும், எழுதுவதை நிறுத்தும். கன்கரண்ட்லி என்று சேர்த்தால் எழுதுவதும் நிற்காது. பதிலுக்கு டேபிளை இரண்டு முறை வாசிக்கும், பழைய டிரான்சாக்ஷன்கள் முடியக் காத்திருக்கும், டிரான்சாக்ஷன் பிளாக்குக்குள் ஓடாது. நடுவில் தோற்றால் 'இன்வேலிட்' என்ற முத்திரையோடு ஒரு இன்டெக்ஸ் அங்கேயே தங்கிவிடும். எந்தக் குவெரிக்கும் உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் தன் கூலியை வாங்கிக்கொள்ளும். ஒரு இடத்தில் மாதக்கணக்கில் அப்படியொன்று கிடந்ததை நீக்கியிருக்கிறேன்.

டேபிளில் சேரும் பழைய குப்பையை அள்ளும் வேக்கூம் என்றாலே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரண வேக்கூம் படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது, பகலிலேயே ஓடட்டும். பயப்பட வேண்டியது வேக்கூம் ஃபுல்லுக்கு. அது டேபிளைப் புதிதாக ஒரு பிரதி எழுதும், முடியும்வரை யாரையும் உள்ளே விடாது. டிஸ்க் நிரம்பிவிட்டது, வேக்கூம் ஃபுல் போடு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரதியை எழுதவும் டிஸ்க்கில் இடம் வேண்டுமே ஐயா.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் 9.6-இல் இருந்து இருக்கிறது, யாரை யார் தடுக்கிறார்கள் என்று நேராகச் சொல்லிவிடும். முதலில் உங்கள் கமாண்டை நிறுத்துங்கள், வரிசை கலைந்துவிடும். அப்புறம் நிதானமாகத் தலையில் இருப்பவரைக் கவனிக்கலாம். ஐடில் இன் டிரான்சாக்ஷனில் கிடக்கும் செஷனுக்குப் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் அனுப்பிப் பயனில்லை, நிறுத்துவதற்கு அங்கே குவெரியே ஓடவில்லை. செஷனையே அறுத்துவிடும் டெர்மினேட்தான் வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் போய் கில் மைனஸ் 9 அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஒரு பிராசஸை அப்படிக் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு போஸ்ட்கிரெஸ் எல்லாக் கனெக்ஷனையும் அறுத்துவிட்டு ரெக்கவரியில் இறங்கிவிடும்.

மைஎஸ்க்யூஎல்லில் பெரிய டெலீட் ஒன்றைப் பாதியில் கொல்வதற்கு முன் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் ஏறக்குறைய உடனே முடியும், குப்பையைப் பிறகு வேக்கூம் அள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி ஒவ்வொரு பதிவாகத் திரும்ப வைக்க வேண்டும். ஒரு மணிநேரம் ஓடியதைக் கொன்றால் அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். பொறுமையிழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே வேலையைத்தான் தொடரும்.

அந்த இரவுக்கு அடுத்த நாள், ரிப்போர்ட் எடுப்பவர்களின் யூசருக்கு மட்டும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டைப் பத்து நிமிடம் என்று வைத்தேன். இதுவும் 9.6-இல் வந்ததுதான், நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். இரண்டு நாள் கழித்து அந்த ரிப்போர்ட்காரரே என் மேசைக்கு வந்தார்.

"சார், டீ குடிச்சுட்டு வந்தா கனெக்ஷன் போயிடுது, சர்வர்ல ஏதோ பிரச்சினை போல."

"கமிட் போட்டுட்டு டீ குடிக்கப் போங்க சார்."

"வெறும் செலக்ட்தானே சார் ஓட்டினேன், அதுக்கு எதுக்கு கமிட்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.