எலும்பு பொருந்திவிட்டது, கப்பல் ஏறலாமா?

"பிள்ளை, எலும்பு பொருந்திவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இனி நான் கப்பல் ஏறலாம்தானே?"

கதிரையில் அமர்வதற்கு முன்பே அந்த அம்மா கேட்டுவிட்டார். விசுவமடுப் பக்கம் இருந்து வந்திருந்தார். வயது அறுபத்தாறு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்து, சத்திர சிகிச்சை செய்து, தகடும் திருகாணிகளும் வைத்து ஏழு வாரம் முடிந்திருந்தது. கையில் கிளினிக் கொப்பி. அதற்குள் நாலாக மடித்த கப்பல் டிக்கெட்டின் பிரதி. கனடாவில் இருக்கும் மகளும் சுவிஸில் இருக்கும் மகனும் குடும்பங்களோடு சிங்கப்பூர் வருகிறார்கள். அங்கே அம்மாவையும் சேர்த்துக்கொண்டு நான்கு இரவுகள் உல்லாசக் கப்பலில் பினாங்கு, புக்கெட் போய்வர ஏற்பாடு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகச் சேரப்போகிறார்கள். புறப்பட இன்னும் பத்து வாரம் இருந்தது. அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றி இதை எழுதுகிறேன்.

வன்னியில் இயன் மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் எனக்கு முன்பெல்லாம் வரும் கேள்விகள் வேறு. வயலுக்கு இறங்கலாமா, சைக்கிள் ஓடலாமா, கோயிலுக்கு நடந்து போகலாமா என்று கேட்பார்கள். இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பனை விமானத்திலும் கப்பலிலும் கூட்டிப் போகும் காலம். திகதி ஆறு மாதத்துக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. இடையில் ஆள் விழுந்துவிட்டால், காயம் ஆறுகிற வேகத்தில் பயணத்தை வைக்காமல் பயணத் திகதிக்குக் காயத்தை ஆறச் சொல்கிறோம்.

எலும்பு பொருந்துவதற்குப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். எக்ஸ்ரே அதை மட்டும்தான் காட்டும். ஆறு வாரம் வேலை செய்யாமல் சூம்பிப்போன கெண்டைக்காலையோ, மடங்க மறுக்கும் மூட்டையோ, பாதம் எந்தச் சரிவில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கிப்போனதையோ அது காட்டாது. கணுக்கால் முறிந்தவர்களுக்குக் கடைசியாகத் திரும்புவது இந்த உணர்வுதான். வீட்டு முற்றத்தில் அது இல்லாமலே சமாளிக்கலாம். ஆடும் தளத்தில் அந்த உணர்வு இல்லையென்றால் ஆள் விழுவார்.

முதல் நாள் நான் உடற்பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலில் சின்னச் சுளுக்கு என்று சொன்னேன். சொன்னால் காசு வீண் என்று நினைப்பார்கள், கவலைப்படுவார்கள்" என்றார். சத்திர சிகிச்சை நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் அம்மாமாரில் இப்படி மறைப்பவர்கள் அநேகம். அன்பினால்தான் மறைக்கிறார்கள், ஆனால் அது ஆபத்தானது. அங்கேயே மகளை அழைத்துப் பேசச் சொன்னேன். தாயும் மகளும் சிறிது நேரம் அழுதார்கள். பிறகு நான் மகளிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த முறிவைச் சொன்னீர்களா? காப்புறுதி எடுத்த பிறகுதான் விழுந்தார் என்றால் நிறுவனத்துக்கு இப்போதாவது அறிவிக்க வேண்டும். மறைத்த காயத்தால் கப்பலில் ஏதாவது நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. கப்பலில் மருத்துவ நிலையம் உண்டு, ஆனால் அது கட்டணத்துக்குத்தான். அங்கே எலும்பு முறிவுக்குச் சத்திர சிகிச்சை நடக்காது, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அந்தச் செலவு ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கும்.

அடுத்தது அறை. சாதாரண அறைகளின் கதவு ஒடுக்கம், சக்கர நாற்காலி பெரும்பாலும் நுழையாது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராதபடி சற்று உயர்ந்த படி ஒன்று இருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தோடு எழும்புகிறவரின் பாதம் அதில்தான் இடறும். நடமாடச் சிரமப்படுபவர்களுக்கென்று அகலக் கதவும் கைபிடிகளும் உள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே இருக்கின்றன. முன்கூட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். அதுபோலவே, கப்பலில் சக்கர நாற்காலி தருவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றவும் இறக்கவும் மட்டுமே தருகின்றன. தேவையானால் நாமே கொண்டுபோக வேண்டும். மகள் அன்றிரவே நிறுவனத்துக்கு எழுதி, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், கைபிடி உள்ள அறையொன்றுக்கு மாற்றிக்கொண்டார். நடுப்பகுதியும் கீழ்த்தளமும் ஆட்டம் குறைந்த இடங்கள்.

இனிப் படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிறதே, படிக்கட்டு எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2012 ஜனவரியில் கொஸ்தா கொன்கோர்டியா என்ற கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. படியால்தான் இறங்க வேண்டும். இறங்க முடியாதவர்கள் அதை ஏறிய அன்றே ஊழியர்களிடம் சொல்லிவிட்டால் உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த நேரத்தில் எவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்கு மாடி இல்லை. விறாந்தைக்கு இரண்டு படி, கோயில் வாசலில் மூன்று படி, அவ்வளவுதான். முறிவுக்கு முன்னரே படியேறிப் பழகாத கால்கள் இவை. பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் கேட்டு, மாலையில் பிள்ளைகள் போன பிறகு மாடிக் கட்டடத்தின் படிகளைப் பயன்படுத்த அனுமதி வாங்கினேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காயப்பட்ட கால் முதலில். ஊன்றுகோல் காயப்பட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இந்த அம்மாவுக்கு வலது கால், ஆகவே இடது கையில் தடி, வலது கை கைபிடியில். பலர் நோகும் பக்கத்திலேயே தடியைப் பிடிக்கிறார்கள். அது நடையைச் சாய்த்துவிடும்.

கப்பலுக்கு ஏறும் பாலம் சரிவாக இருக்கும். அதற்கு எங்களிடம் குளக்கட்டு இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் குளக்கட்டில் சரிவாக ஏறி இறங்கச் சொன்னேன். ஆட்டத்துக்குப் பழக, போர்வையைத் தடிப்பாக மடித்து அதன்மேல் நின்று, ஜன்னல் கம்பியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்ய வேண்டும். முதல் வாரம் அவரால் மூன்று எண்ணும்வரைகூட நிற்க முடியவில்லை. கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் புடைத்து நடுங்குவதைத் தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் அந்த நடுக்கம் சிறியதாகி, பாதம் தானே திருத்திக்கொள்ளத் தொடங்கியது.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் இரப்பர்ச் செருப்பில் நடந்தவரைப் பயணத்தன்று புதுச் சப்பாத்தில் நிறுத்தக்கூடாது. குதிக்காலைப் பிடிக்கும் பட்டி உள்ள பாதணியை ஆறு வாரம் முன்பே வாங்கி, மாலையில் வீங்கிய காலுக்கு அளவு பார்க்க வேண்டும். கணுக்கால் வீக்கம் மாதக்கணக்கில் மாலையில் வந்து போகும், அது வழமை. சேலையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டச் சொன்னேன். அதற்குத்தான் அவர் அதிகம் மறுத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் பிடிபட்டது. மேலே ஏறும்போது சரியாக ஏறுகிறவர், இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை மரமாக்கினார். நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். படியிலேயே அமர்ந்தோம். அப்போதுதான் சொன்னார், தனக்கு இது முதல் கப்பல் இல்லை என்று.

2009 பெப்ரவரி முதல் மே வரை, போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளில் இருந்து காயக்காரரையும் நோயாளரையும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனது. கப்பல் கடலுக்குள் நிற்கும். கரையில் இருந்து சிறு படகுகளில் கொண்டுபோய் அதில் ஏற்றுவார்கள். இடது தொடையில் எறிகணைச் (செல்) துண்டோடு அப்படி ஏற்றப்பட்டவர்களில் இவரும் ஒருவர். படகில் இருந்து கப்பலுக்கு மாற்றும்போது கீழே தெரிந்த தண்ணீர் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது என்றார். பிள்ளைகள் ஆசையாக ஒழுங்கு செய்த பயணம், எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் ஒரு மூத்தவர் கடல் பயணத்துக்குத் தயங்கினால், கால் நோவைக் காரணமாகச் சொன்னால், அதன் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். உள்ளூர் வைத்தியசாலையின் உளவளத்துணையாளரிடம் இவரை நான் அனுப்பினேன். மகளுக்கும் அம்மாவே சொன்னார். அந்தப் பேச்சில் பயணத் திட்டத்தை நானும் கவனமாகப் பார்த்தேன். பினாங்கில் கப்பல் துறையிலேயே கட்டும். புக்கெட்டில் பல கப்பல்கள் படொங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுப் பயணிகளைச் சிறு படகில் இறக்குகின்றன. அசையும் படகுக்கும் கப்பலுக்கும் இடையில் கால் வைப்பது நல்ல காலுள்ளவர்களுக்கே கவனமான வேலை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அதில் இறக்காமலும் விடலாம். எந்தத் துறைமுகத்தில் கட்டுவார்கள், எங்கே படகு என்று பணம் கட்டும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

கப்பலுக்கு முன் தரைப் பயணம் இருக்கிறது. கட்டுநாயக்காவில் இருந்து சிங்கப்பூருக்கு விமானம் நான்கு மணித்தியாலம். விசுவமடுவில் இருந்து கட்டுநாயக்காவுக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். நீண்ட இருப்பு உண்மையில் அந்த வண்டியில்தான். காலில் சத்திர சிகிச்சை நடந்து முதல் மூன்று மாதம் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாக இருக்கும். முறிகண்டியில் எப்படியும் இறங்குவோம். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். வவுனியா, அநுராதபுரம், புத்தளம் என்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை இறங்க வேண்டும். இடையில் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கலாம். வழியில் சலம் கழிக்க இடம் கிடையாது என்று தண்ணீர் குடிக்காமல் வருவது எங்கள் பெண்களின் பழக்கம். அதை இந்தப் பயணத்தில் விட வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமத்தினால் நொந்தால் எண்ணெய் போட்டு உருவக்கூடாது. முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயில் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் உறைந்த இரத்தம் இருக்கும் காலை உருவினால் அது நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே முடிவாகலாம். அப்படியான காலோடு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலும் நெஞ்சு நொந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

விமான நிலையத்தில் கணுக்கால் தகட்டுக்கும் தொடையில் இருக்கும் செல் துண்டுக்கும் கருவி சத்தமிடலாம். உடம்பில் உலோகம் எங்கெங்கே இருக்கிறது என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, எக்ஸ்ரே படத்தையும் கைப்பையில் வைக்கச் சொன்னேன். வன்னியில் இது நூறு பேருக்குத் தேவைப்படும் கடிதம். கேள்வி கேட்கும்போது பதறாமல் நீட்டுவதற்கு ஒரு தாள் இருப்பது பெரிய ஆறுதல்.

கடற்பயண வாந்திக்கான குளிசைகள் பல தூக்கத்தைத் தரும். வலிக்கு டிரமடோல் போன்றதும் எடுப்பவர் இரண்டையும் சேர்த்தால் தடுமாறி விழுவார். வைத்தியரைக் கேட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன் வீட்டில் ஓர் இரவு எடுத்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் நான் ஆம் என்று சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்த இளைஞர் ஒருவர், நான்காவது வாரமே காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போய் வேளாங்கண்ணி நேர்த்திக்கடனை முடிக்க நின்றார். நான்கு மணித்தியாலம்தானே என்றார். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை மழைக்காலக் கடலால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. அந்தக் கடலை ஊன்றுகோல்களில் நிற்கும் ஒருவர் நம்பக்கூடாது. வேண்டாம் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த கிழமை பயிற்சிக்கு வந்தார்.

விசுவமடு அம்மாவின் பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புகிறார். பன்னிரண்டு படி ஏறி இறங்குகிறார். ஓய்வில்லாமல் 400 மீற்றர் நடக்கிறார், 500 ஆக்க வேண்டும். பினாங்கில் இறங்குவது உறுதி. புக்கெட்டில் படகுக்குப் போவதா, மேல்தளத்தில் பேரப்பிள்ளையோடு இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதை அன்று காலை கடலைப் பார்த்து அவரே சொல்லட்டும், யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாலை மறுபடி பாடசாலைப் படிக்கு வருகிறார், இம்முறை புதுப் பாதணியோடும் உயர்த்திக் கட்டிய சேலையோடும்.