கிளெய்மை அடிக்கும் முன் டிவிஷனல் போடுங்கள்

பத்தமடைப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் கோரை கீறும் எந்திரம் செய்திருந்தார். தடிமனுக்கு ஏற்ப பிளேடு தானே நகர்ந்துகொடுக்கும். கீறிய கோரையை ஈரம் பார்த்து உலர்த்த ஒரு பெட்டியும் செய்திருந்தார். இரண்டையும் ஒரே காப்புரிமை விண்ணப்பத்தில் போட்டுவிட்டார். இவை தனித்தனிக் கண்டுபிடிப்புகள் என்று காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கையில் ஆட்சேபம் வந்தது.

எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாசகம்தான் கிளெய்ம். இந்த நிலையில் பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக அதை நீக்குவதைப் பற்றித்தான் கேட்பார்கள்: "சார், பெட்டி கிளெய்ம அடிச்சிட்டா சீக்கிரம் கிடைச்சிரும்லா?"

கிடைக்கலாம். ஆனால் பெட்டி கைவிட்டுப் போய்விடும். பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால், 18 மாதத்தில் வெளியாகிவிடும் உங்கள் முதல் விண்ணப்பமே அதற்கு எதிரான சான்றாக நிற்கும்.

காப்புரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பெட்டிக்குத் தனியாக டிவிஷனல் விண்ணப்பம், அதாவது முதல் விண்ணப்பத்திலிருந்து பிரித்தெடுத்த விண்ணப்பம், போட்டால் முதல் விண்ணப்பத்தின் தேதியே அதற்கும் கிடைக்கும். 20 ஆண்டுக் காலமும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். முதல் விண்ணப்பத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். எந்த நாளில் வழங்குவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அதனால் ஆய்வறிக்கைக்குப் பதில் தரும் அன்றே டிவிஷனலையும் போடச் சொல்கிறேன்.

டிவிஷனலில் புதிதாக ஒரு வரியும் சேர்க்க முடியாது. அந்தப் பட்டறைக்காரர் ஈரமானி எந்தத் தட்டுக்கு அடியில் இருக்கிறது, காற்றுத் துளை எப்போது திறக்கும் என்றெல்லாம் படத்தோடு முதலிலேயே எழுதியிருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. 'ஈரம் பார்த்து உலர்த்தலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் பிரிக்க அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

கிளெய்மில் இல்லாமல் விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் பகுதியில், மட்டும் இருப்பதைப் பிரிக்கலாமா என்பதில் வெகுநாள் இழுபறி இருந்தது. பிரிக்கலாம் என்று 2023 அக்டோபரில் சிஞ்செண்டா என்ற நிறுவனத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொன்னது. 2024 மார்ச் விதித்திருத்தம் தற்காலிக விவரக்குறிப்பில் (முழு விவரக்குறிப்புக்கு முன் முதலில் கொடுப்பது) உள்ளதையும் சேர்த்துக்கொண்டது. சிறு பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

செலவு என்று பார்த்தால், தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், அலுவலகம் விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதனைக்கு 4,000. பரிசோதனைக் கோரிக்கையை டிவிஷனலுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல் விண்ணப்பம் பழையதாக இருந்தால் டிவிஷனல் போட்ட தேதியிலிருந்து ஆறு மாதம்தான் அதற்குக் கெடு.