வீடு எந்தச் சாலையில் இருக்கிறது?

வட சென்னையில் நுரையீரல் மருத்துவராகப் பணியாற்றும் நான், இருமலோடு வருபவரிடம் புகைப்பழக்கம் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, வீடு எந்தச் சாலையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையோரம் குடியிருப்பவர் பீடியைத் தொட்டே அறியாதவராக இருந்தாலும், துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை அவர் வாசலுக்கே வந்துவிடுகிறது.

சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது, மாசு தங்காது என்று பலரும் சொல்வார்கள். நகரத்தின் சராசரியைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் கடலோரமாகவே ஓடும் அந்தச் சாலையில், பகலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று லாரிப் புகையை மேற்கே உள்ள குடியிருப்புகளுக்குள்தான் தள்ளுகிறது. சாலையிலிருந்து சில நூறு மீட்டர் விலகினாலே வாகன மாசு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், தொலைவில் நிற்கும் கண்காணிப்பு நிலையத்தின் அளவு இந்த வாசல்களின் நிலையைக் காட்டுவதில்லை.

2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று ஆஸ்துமாவைத் தூண்டுவதோடு, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகின்றன. இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ வெறும் 5.

வசதி படைத்தவர்களும் பெரிய சாலைகளில் வாழ்கிறார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாழ்கிறார்கள்தான், ஆனால் ஏழாவது மாடியில் சன்னலை அடைத்துக் குளிரூட்டியைப் போட்டுக்கொள்பவரும், ஓட்டு வீட்டின் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்துபோட்டுத் தரையில் படுப்பவரும் ஒரே காற்றை ஒரே அளவில் சுவாசிப்பதில்லை. சொந்த வாகனம் இல்லாத நடைபாதை வியாபாரிதான் பிறர் வாகனங்களின் புகையை நாள் முழுவதும் இழுக்கிறார். அவருக்கு மூச்சிரைப்பு வந்தால் அன்றைய வருமானமும் போகிறது. மறு பரிசோதனைக்கு வந்தால் இன்னொரு நாள் வருமானமும் போகும் என்பதால் பெரும்பாலும் வருவதில்லை.

லண்டனில் தெற்குச் சுற்றுச் சாலைக்கு மிக அருகில் வசித்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதன் விளைவாக, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். நம் ஊர் இறப்புச் சான்றிதழ்களில் அத்தகைய வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

வீட்டை மாற்றுங்கள் என்று மருந்துச் சீட்டில் எழுத எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் வாடகை குறைவு என்பதால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். முடிந்தவரை சாலையைப் பார்க்காத பின்பக்க அறையில் குழந்தையைப் படுக்க வையுங்கள் என்றும், துணி முகக்கவசம் புழுதியை ஓரளவு தடுத்தாலும் நுண்துகளைத் தடுக்காது என்றும் சொல்கிறேன். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் அதைப் பாதியில் நிறுத்துபவர்களோடு அதிக நேரம் செலவிடுகிறேன். வரிசையில் நிற்கும் லாரி எஞ்சினை அணைத்து வைத்தால் இவை அனைத்தையும்விடப் பயன் கிடைக்கும். அதை எந்த மருந்துச் சீட்டில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.