'பாஸ்' என்ற சொல்லுக்குக் கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள்

"தம்பி, போன வருஷம் பாஸ் ஆன வண்டிதானே இது? ஒரு வருஷத்துக்குள்ள எப்படி ஃபெயில் ஆகும்?"

இங்கிலாந்தில் எம்.ஓ.டி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் கட்டாயப் பரிசோதனை செய்பவராக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணை பத்து வருடப் பழைய சொகுசு ஜீப் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். பரிசோதனை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, டார்ச்சைக் கையில் கொடுத்து, லிஃப்டில் நின்ற வண்டியின் பின் டயரைக் காட்டினேன். வெளிப்பக்கம் ரப்பர் பட்டன் எல்லாம் நன்றாக இருந்தது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். அந்த வண்டியில்தான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறார்.

பிறகு அவருடைய போனிலேயே வண்டியின் பழைய எம்.ஓ.டி பதிவுகளைத் திறந்து காட்டினேன். இரண்டு வருடம் முன்பு: பாஸ். கீழே ஒரு அட்வைசரி, அதாவது ஃபெயில் இல்லை, ஆனால் கவனியுங்கள் என்ற குறிப்பு: சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியின் மூட்டில் உள்ள ரப்பர்) தேய்ந்திருக்கிறது, ஆனால் அதிக ஆட்டம் இல்லை. அடுத்த வருடமும் பாஸ். அதே புஷ், கூடவே பின் டயர் உள் ஓரத்தில் தேய்கிறது என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகுதான் இவர் வாங்கியிருக்கிறார். விற்றவர் 'பாஸ்' என்று போட்டிருந்த தாளைக் காட்டியிருக்கிறார், இவரும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டார்.

இந்தப் பரிசோதனை 1960இல் வந்தது. இப்போது காருக்கு மூன்று வயதானதும் முதல் தடவை, அப்புறம் வருடா வருடம். கட்டணம் ஆகக் கூடினால் 54.85 பவுண்ட். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரித்து எழுதுகிறோம். முதல் இரண்டில் எது வந்தாலும் ஃபெயில். டேஞ்சரஸ் என்றால் திருத்தாமல் ரோட்டில் எடுக்கவே கூடாது. கம்பி தெரியும் டயர் அந்த வகைதான். அப்படி ஓட்டிப் பிடிபட்டால் ஒரு டயருக்கு 2,500 பவுண்ட் வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளிகளும் வரலாம். அட்வைசரிக்கு ஃபெயில் கிடையாது. அதனால்தான் அதை யாரும் படிப்பதில்லை, எனக்கு வருத்தமே அதில்தான்.

ரேஞ்ச் ரோவர் போன்ற சொகுசு ஜீப்களில் அந்த வரிகளைக் கூடுதல் கவனத்தோடு படிக்கச் சொல்வேன். இரண்டு டன்னுக்கு மேல் எடை, 21, 22 அங்குலச் சக்கரங்கள். வளைவிலும் பிரேக்கிலும் அந்தப் பாரம் தரும் இழுப்பைப் புஷ், பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) போன்ற சின்னச் சின்னப் பாகங்கள்தான் தாங்குகின்றன. புஷ் தளர்ந்தால் சக்கரம் நிற்கும் கோணம் மாறும், டயரின் உள் ஓரம் தேயத் தொடங்கும். நின்றபடி பார்த்தால் அது தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வைத்தால் முன் டயரின் உள்பக்கம் தெரியும். பின் டயருக்குக் குனிந்து போன் வெளிச்சம் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

2012இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு உடல் முழுக்க அலுமினியம், ஆகவே துருப் பயமில்லை என்று பலர் என்னிடம் சொல்வார்கள். உடல் சரி. குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு அடியில் உள்ள போல்ட்டையும் பிரேக் குழாயையும் விடாது. போல்ட் துருப்பிடித்துப் புஷ்ஷுக்குள் இறுகிவிட்டால், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் சாதாரண வீல் அலைன்மென்ட் கூடப் பெரிய வேலையாகிவிடும்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன். ரேஞ்ச் ரோவரில் அது 1992இலேயே வந்துவிட்டது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பை. அதற்குக் காற்று அடிக்க ஒரு கம்ப்ரெசர், காற்றைப் பிரித்துவிட வால்வு, உயரத்தை அளக்க சென்சர்கள். வயதானால் ரப்பர் மடியும் இடத்தில் வெடிப்பு வரும், காற்று மெதுவாகக் கசியும். கசிந்ததை நிரப்பக் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரிந்துபோகும். ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு கம்ப்ரெசருக்கும் சேர்த்து ஆகும். வாங்கப் போகிறீர்களா? இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு போய்ப் பாருங்கள். சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் கையால் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வருமுன்பே விற்பவர் இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

எங்களால் பார்க்க முடியாததும் உண்டு. பரிசோதனையின்போது எதையும் கழற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. இந்த வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பெரிய பிளாஸ்டிக் தகடுகள் மூடியிருக்கும், அதற்கு மேல் இருப்பது தெரியாது. இஞ்சின், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கின்றனவா என்பது பரிசோதனையிலேயே இல்லை. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியைச் பிரேக் பார்க்கும் சாதாரண ரோலரில் (சக்கரத்தைச் சுற்றவிடும் உருளை) ஏற்றினால் பழுதாகலாம் என்பதால், பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் மீட்டர் வைத்து ரோட்டில் ஓட்டித்தான் பார்ப்போம்.

டீசல் வண்டி என்றால் இன்னொன்று. பள்ளிக்கூடம், கடை என்று கிட்டக் கிட்டவே ஓட்டினால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் அளவுக்குச் சூடாகாது, அடைத்துக்கொள்ளும். செலவுக்குப் பயந்து சிலர் அதன் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் மாட்டுகிறார்கள். 2014இலிருந்து வடிகட்டி இல்லாவிட்டால் ஃபெயில். வேலையைச் செய்தவர் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார், மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர்தான்.

பழைய பதிவுகளை அரசாங்க இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம்பர் பிளேட் எண் போதும். 2005 முதல் நடந்த பரிசோதனைகள் வரிசையாக வரும். மைல் கணக்கை வருடா வருடம் ஒப்பிடுங்கள். அப்புறம் அட்வைசரிகளைப் பழையதிலிருந்து புதியது வரை படியுங்கள். ஒரு வரி வந்து, அடுத்த வருடம் மறைந்திருந்தால் திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம், பில்லைக் கேளுங்கள். அதே வரி மூன்று வருடமாக நின்றால், வைத்திருந்தவர் அதைத் திருத்தவில்லை.

அந்த அண்ணை இரண்டு பின் டயரும் நான்கு புஷ்ஷும் மாற்றித்தான் வண்டியை எடுத்துப் போனார். போன மாதம் தன் தம்பிக்கு வாங்கவென்று ஒரு வண்டியின் எண்ணை எனக்கு அனுப்பினார். நான் திறந்து பார்க்குமுன்பே அடுத்த செய்தி வந்தது: "மூன்று வருஷமா பிரேக் குழாய் துரு என்று இருக்கு. வேண்டாம் என்று சொல்லிட்டேன்."